ஆண்கள் கூடிப் பேசும் வட்டம்: அரட்டையாகவும் ஆலோசனைக் கூட்டமாகவும் போய்விடாமல் நடத்துவது எப்படி?

கேள்வி: ஆண்கள் 7 பேர் சேர்ந்து, மனம்விட்டுப் பேசுவதற்கென்று ஒரு வட்டம் தொடங்கினோம். இரண்டு முறை கூடினோம். முதல் முறை அரசியலும் வேலைப் பேச்சுமாகப் போனது. இரண்டாம் முறை ஒருவர் தன் மணவாழ்க்கைச் சிக்கலைச் சொன்னார். மற்ற 6 பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னோம். இப்போது அவர் வரத் தயங்குகிறார். எங்கே தவறினோம்? எப்படி நடத்த வேண்டும்? இதனால் ஒரு மனிதன் உண்மையில் மாறுவானா?

பதில்:

உங்கள் இரண்டாம் கூட்டத்தில் நடந்ததுதான் ஆண்கள் வட்டங்களில் அடிக்கடி நடக்கும் விபத்து. அதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணம் இல்லை. ஒருவர் வலியைச் சொல்லும்போது, கேட்பவருக்கு உள்ளே ஒரு தவிப்பு எழுகிறது. யோசனை சொன்னதும் அந்தத் தவிப்பு அடங்கிவிடுகிறது. ஆறுதல் கிடைப்பது கேட்டவருக்கு. சொன்னவருக்கோ புதிதாக ஒரு வேலை வந்து சேர்கிறது: 6 யோசனைகளுக்கும் பதில் சொல்ல வேண்டும், "அதையும் செஞ்சு பார்த்துட்டேன்" என்று விளக்க வேண்டும். வலியைச் சொல்ல வந்தவர் குறுக்கு விசாரணையில் நிற்கிறார். அதோடு, ஒருவர் முதலில் சொல்வது பெரும்பாலும் மேல் அடுக்குதான். "வீட்டில் தினமும் சண்டை" என்று ஆரம்பிப்பவர் இன்னும் 5 நிமிடம் கிடைத்திருந்தால், "அவள் என்னை விட்டுப் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது" என்ற இடத்துக்கு வந்திருப்பார். நீங்கள் சொன்ன தீர்வுகளெல்லாம் மேல் அடுக்குக்கானவை.

அதனால் முதல் விதி: கேட்டாலொழிய யோசனை கிடையாது. இதை எழுதி வையுங்கள். வெறும் தடை மட்டும் போட்டால் அது நிற்காது. பேசப்போகிறவர் தொடங்கும் முன்பே தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். மூன்று தேர்வுகள் போதும்: "கேட்டால் போதும்", "கேள்வி கேளுங்கள்", "யோசனை வேண்டும்". புதிய வட்டங்களில் முதல் நான்கைந்து கூட்டங்கள் வரை மூன்றாவது தேர்வையே நீக்கிவிடுவது நல்லது.

மறைமுகமாக வரும் யோசனைகளையும் கவனியுங்கள். "அவங்ககிட்ட உட்கார்ந்து பேசிப் பார்த்தீங்களா?" என்பது கேள்விக்குறி போட்ட அறிவுரை. "எனக்கும் இப்படித்தான் ஆச்சு, நான் என்ன பண்ணேன்னா..." என்பது மேடையைப் பறிப்பது. "எல்லாம் சரியாயிடும், விடுங்க" என்பது கதவைச் சாத்துவது. மூன்றிலும் மிக அன்பாக ஒலிப்பது இதுதான், பேச்சை மிக வேகமாக முடித்துவைப்பதும் இதுதான்.

ஒருவருடைய முறை எப்படி அமைய வேண்டும்? மொத்தம் 20 நிமிடம் கொடுங்கள். முதல் 10 நிமிடம் அவர் மட்டும் பேசுவார். நடுவில் மௌனமாக இருந்தாலும் அந்த மௌனம் அவருக்குச் சொந்தம், யாரும் நிரப்பக் கூடாது. பிறகு ஒரு நிமிடம் எல்லோரும் அமைதி. இந்த ஒரு நிமிடத்தைத்தான் பல வட்டங்கள் முதலில் கைவிடுகின்றன, தயவுசெய்து கைவிடாதீர்கள்; அவசரமாக வாய்க்கு வந்த யோசனை அடங்குவது அதில்தான். அடுத்து 4 நிமிடம் கேள்விகள், அவர் விரும்பியிருந்தால் மட்டும். "எப்போது ஆரம்பித்தது?", "அப்போது உங்களுக்கு என்ன ஓடியது?", "இதில் எதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது?" போன்ற கேள்விகள் அவரை உள்ளே அழைத்துப் போகும். "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்பது அவரைத் தற்காப்புக்குத் தள்ளும். கடைசி 5 நிமிடத்தில் மற்றவர்கள் ஆளுக்கு அரை நிமிடம் போல, கேட்டபோது தங்களுக்குள் என்ன எழுந்தது என்று மட்டும் சொல்வார்கள். "நீங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது." அவ்வளவுதான்.

இந்தக் கடைசிப் பகுதி சின்னதாகத் தெரியும். ஆனால் குழு சிகிச்சையைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த மனநல மருத்துவர் இர்வின் யாலோம், குழுவில் மனிதர்களை மாற்றும் காரணங்களின் பட்டியலில் 'இது எனக்கு மட்டும் இல்லை' என்ற உணர்வையும் ஒன்றாக வைக்கிறார். அந்த உணர்வு மற்றவர்கள் தரும் இந்த எதிரொலியில்தான் பிறக்கிறது. அறிவுரை அதைத் தருவதில்லை.

இரண்டாவது பெரிய தடை மொழி. உணர்வுக்குச் சொல் கிடைக்காத நிலைக்கு 1970களில் மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் 'அலெக்ஸிதைமியா' என்று பெயர் வைத்தார். அதன் மிதமான வடிவம், ஆண் பிள்ளைகள் வளர்க்கப்படும் விதத்தாலேயே ஆண்களிடம் பரவலாக இருக்கிறது என்று 1990களில் உளவியலாளர் ரொனால்ட் லெவன்ட் வாதிட்டார். "அழாதே, நீ ஆம்பள" என்று கேட்டு வளர்ந்தவனுக்கு உணர்வு இல்லாமல் போவதில்லை. அதைச் சொல்லிப் பழகும் வாய்ப்புதான் இல்லாமல் போகிறது. நம் பேச்சில் அந்த வெற்றிடத்தை 'டென்ஷன்' என்ற ஒரே சொல் அடைத்துக்கொண்டிருக்கிறது. பயம், அவமானம், பொறாமை, ஏக்கம், குற்ற உணர்வு, இயலாமை, எதுவானாலும் டென்ஷன். யாராவது "ஒரே டென்ஷன்" என்றால், "டென்ஷன் என்ற சொல்லை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வரும்?" என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்விக்கே சிலர் நெடுநேரம் யோசிப்பார்கள்.

ஒரு எளிய சோதனை தமிழிலேயே இருக்கிறது. வாக்கியம் 'என்று தோன்றுகிறது' என முடிந்தால் அது எண்ணம், பல சமயம் தீர்ப்பு: "அவர் என்னை மதிக்கவில்லை என்று தோன்றுகிறது." 'ஆக இருக்கிறது' என முடிந்தால் பெரும்பாலும் உணர்வு: "எனக்கு அவமானமாக இருக்கிறது." முதல் வாக்கியத்தோடு வாதாடலாம், இரண்டாவதோடு யாரும் வாதாட முடியாது. பேசுபவர் 'தோன்றுகிறது' பக்கமே சுற்றிக்கொண்டிருந்தால், நடத்துபவர் "எனக்கு ...ஆக இருக்கிறது என்று ஒரு வரி சொல்லிப் பாருங்கள்" என்று மென்மையாகக் கேட்கலாம். சொல் வரவே இல்லையென்றால் உடம்பிலிருந்து தொடங்கட்டும்: நெஞ்சு கனக்கிறதா, வயிற்றைப் பிசைகிறதா, தாடை இறுகுகிறதா? உடம்பைச் சொல்ல ஆண்களுக்கு அவ்வளவு கூச்சம் இருப்பதில்லை.

அதேபோல 'நாம', 'மனுஷன்னா', 'ஒருத்தனுக்கு' என்று பேசுவது ஒளிந்துகொள்வது. "வேலை போனா மனுஷனுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்" என்பதை "வேலை போனதில் எனக்கு அவமானமாக இருந்தது" என்று மாற்றிச் சொன்னால், சொல்பவருடைய குரலே மாறும். 'நான்' என்று சொல்வதை விதியாக வையுங்கள்.

பெயர் சொல்வதால் என்ன ஆகிவிடப் போகிறது என்று சந்தேகம் வரும். 2007-ல் மேத்யூ லீபர்மன் குழுவினர் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், கோபமோ பயமோ தெரியும் முகங்களைக் காட்டி, அந்த உணர்வுக்குச் சொல் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, மூளையில் அபாய மணி போல இயங்கும் அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது. சொல் வைப்பதே கொஞ்சம் தணிக்கும் என்பதற்கு இது ஒரு சான்று. இதற்கு எதிர்த்திசையில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. தலையணையைக் குத்து, கத்தித் தீர்த்துவிடு என்று சில ஆண்கள் முகாம்களில் சொல்வார்கள். 2002-ல் உளவியலாளர் பிராட் புஷ்மன் வெளியிட்ட ஆய்வில், தம்மைச் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களின் கோபம்தான் மிக அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த அளவுக்குக் கோபம் இல்லை. கோபத்தைக் கொட்டுவதும் கோபத்தைப் பற்றிப் பேசுவதும் வேறு வேறு. உங்கள் வட்டத்தில் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அமைப்பு. 7 பேர் என்பது நல்ல எண்ணிக்கை; 6 முதல் 8 வரை சரியாக வரும். 5-க்குக் கீழே போனால் இருவர் வராத நாளில் வட்டமே இல்லாமல் போகிறது. 9-க்கு மேல் போனால் நேரம் பத்தாது, இரண்டு பேர் பார்வையாளர்களாகிவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 2 மணி நேரம், ஒரே கிழமை, ஒரே நேரம். மாதம் ஒருமுறை என்றால் நடந்த செய்திகளைச் சொல்லவே நேரம் போய்விடும். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் 2016-ல் தொடங்கிய ஆண்டிஸ் மேன் கிளப் என்ற ஆண்கள் பேச்சுக் குழு திங்கட்கிழமை மாலை 7 மணி என்பதை மாற்றுவதே இல்லை. நாளும் நேரமும் மாறாமல் இருந்தால், வருவதா வேண்டாமா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டியிருக்காது. மனம் கனத்திருக்கும் ஆளால் எடுக்க முடியாதது அந்த முடிவுதான்.

2 மணி நேரத்தைப் பிரிப்பது இப்படி: விதிகளை வாசித்து அமர 5 நிமிடம், முதல் சுற்றில் ஆளுக்கு 3 நிமிடம் "இந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது", அதில் யாருக்குக் கனம் அதிகம் என்று தெரியும், அவர்களில் மூன்று பேருக்குத் தலா 20 நிமிடம், நடுவில் 10 நிமிட இடைவேளை, கடைசிச் சுற்றில் ஆளுக்கு ஒரு நிமிடம். மிஞ்சும் 17 நிமிடம் தாமதத்துக்கும் மௌனத்துக்கும் வேண்டும். கடிகாரம் பார்ப்பதற்கென்று ஒருவர் தனியாக இருக்கட்டும். "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று சொல்லும் வேலையை நடத்துபவரே செய்தால் அவரால் கவனமாகக் கேட்க முடியாது. பேசும் உரிமையைக் காட்ட ஒரு கல்லையோ மரத்துண்டையோ கைமாற்றலாம். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசுவார். சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம், ஆனால் குறுக்கே பேசும் பழக்கத்தை வேறெதுவும் இவ்வளவு சீக்கிரம் நிறுத்தாது.

வீட்டார் காதில் விழாத அறை. நடுவில் மேசை வேண்டாம். போன்கள் அணைத்து வெளியே. மது கூடவே கூடாது: போதையில் சொன்னதை மறுநாள் "ஏதோ உளறிட்டேன்" என்று சொன்னவரே மறுத்துவிடலாம், பிறகு அது சொன்னதாகவே ஆகாது. ஒரே வட்டத்தில் மேலதிகாரியும் கீழே வேலை செய்பவரும், கடன் கொடுத்தவரும் வாங்கியவரும், மைத்துனர்களும் சேர வேண்டாம். மூன்றாம் கூட்டத்துக்குப் பிறகு புதியவரைச் சேர்க்காதீர்கள். ஒரு புது முகம் வந்தால் எல்லோரும் மறுபடி முதல் கூட்டத்து ஆளாகிவிடுவார்கள்.

ரகசியம் காப்பது பற்றி 'இங்கே பேசியது இங்கேயே' என்று மட்டும் சொன்னால் போதாது. விளக்கமாக எழுதுங்கள். நான் பேசியதை என் மனைவியிடம் சொல்லலாம். இன்னொருவர் பேசியதைப் பெயர் சொல்லாமல்கூடச் சொல்லக் கூடாது. வெளியே அவரைப் பார்த்தால், அவராகத் தொடங்காமல், அன்று பேசியதைப் பற்றி அவரிடமே விசாரிக்கக் கூடாது. இதை மீறித்தான் பல வட்டங்கள் உடைகின்றன: நல்லெண்ணத்தோடு மற்றவர்கள் நடுவில் "இப்ப எப்படி இருக்கு வீட்ல?" என்று கேட்பது. விதிவிலக்கையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: யாருடைய உயிருக்கோ, ஒரு குழந்தைக்கோ, வீட்டில் இருப்பவருக்கோ ஆபத்து என்றால் ரகசியம் பொருந்தாது. பிரச்சினை வந்தபின் சொன்னால் அது துரோகமாகத் தெரியும்.

ஆழத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். முதல் இரண்டு கூட்டங்களில் அந்த வாரத்தின் சிறு கனங்கள் போதும். மூன்று, நான்கில் அப்பா, பணம், வேலை. உடம்பு, தாம்பத்தியம், செய்த தவறுகள் எல்லாம் அதற்குப் பின். முதல் நாளே ஒருவர் மொத்தத்தையும் கொட்டினால் அறை நெகிழ்ந்துபோகும், மறுநாள் அவர் கூசிக் குறுகிப்போவார், அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். அப்படிக் கொட்டத் தொடங்கினால், "இது முக்கியமானது, இதற்கு நிறைய நேரம் வேண்டும், அடுத்த முறை முதலில் நீங்கள் பேசுங்கள்" என்று நடத்துபவர் நிறுத்துவது இரக்கமில்லாத செயல் ஆகாது. ஆழமாகப் பேசியவருக்கு மறுநாள் ஒரு வரிச் செய்தி போகட்டும்: "நேற்று நீங்கள் பேசியது நன்றாக இருந்தது. பதில் எழுத வேண்டாம்."

பேசவே வராதவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று எழுத்து. 1986-ல் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் தொடங்கிவைத்த ஆய்வுமுறை: தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், மனதை அழுத்துவதை நிறுத்தாமல் எழுதுவது; பிழை பார்க்க வேண்டாம், யாரிடமும் காட்ட வேண்டாம். தன் முறைக்கு முந்தைய வாரம் இதைச் செய்தவர் கையில் சொற்களோடு வருவார். இன்னொன்று, தோளோடு தோள். 1990களில் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய 'மென்ஸ் ஷெட்' பட்டறைகளில், மரவேலை செய்துகொண்டே ஆண்கள் பேசுகிறார்கள். கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டியதில்லை என்பதாலேயே பேச்சு வருகிறது. கூட்டத்துக்கு முன் இருவர் இருவராக அரை மணி நேரம் நடக்கலாம். பேசாமல் கடந்துபோகும் உரிமையும் எல்லோருக்கும் இருக்கட்டும், "இன்றைக்கு வேண்டாம்" என்று வாயால் சொல்லிவிட்டு.

யாராவது அழுதால் அழ விடுங்கள். உடனே முதுகைத் தட்டுவதும் டிஷ்யூவை நீட்டுவதும் 'போதும், நிறுத்து' என்று அவருக்குக் கேட்கும். டிஷ்யூ பெட்டி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நடுவில் வரும் சரிவுகள் சில. நான்காவது, ஐந்தாவது கூட்டத்தில் முதல் உற்சாகம் வடிந்து, ஒருவர்மேல் ஒருவருக்கு எரிச்சல் வரும். அதையும் அதே முறையில் வட்டத்துக்குள்ளேயே பேச வேண்டும்: "நீங்கள் போன முறை சிரித்தபோது எனக்குச் சுருக்கென்றது." வெளியே இருவர் தனியாகப் பேசித் தீர்க்க முயன்றால் வட்டம் இரண்டாகும். இன்னொன்று, மனைவியையோ மேலதிகாரியையோ எல்லோருமாகச் சேர்ந்து குறை சொல்லும் களமாக அது மாறுவது. ஒரே மனக்குறையை மாறி மாறிக் கிளறிக்கொண்டே இருப்பதில் நட்பு நெருக்கமாகும், ஆனால் மனச்சோர்வும் கூடும் என்று இளம்பருவத்தினர் நட்பை ஆராய்ந்த அமாண்டா ரோஸ் காட்டியிருக்கிறார். இதற்கு ஒரு விதி போதும்: அறையில் இல்லாதவரைப் பற்றிப் பேசினால், 'இதில் என் பங்கு என்ன' என்பதைச் சொல்லித்தான் முடிக்க வேண்டும். அதே சிக்கல் நான்காவது முறையும் வந்தால், "அடுத்த கூட்டத்துக்குள் செய்யக்கூடிய மிகச் சிறிய காரியம் எது?" என்று கேளுங்கள். மூன்றாவது, நடத்துபவர் குருவாகிவிடுவது. ஐந்தாம் கூட்டத்திலிருந்து நடத்தும் பொறுப்பைச் சுழற்சியில் விடுங்கள். அவரும் தன் முறையில் பேச வேண்டும். எல்லோர் பாரத்தையும் கேட்டு, தன் பாரத்தைச் சொல்லாத ஒருவர் அங்கே இருக்கக் கூடாது.

வட்டத்தால் முடியாதவையும் உண்டு. உலக சுகாதார நிறுவனக் கணக்கின்படி ஆண்டுக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கிறார்கள். ஆண்களின் விகிதம் பெண்களைப் போல இரு மடங்குக்கும் மேல். "நான் இல்லாமல் இருந்தால் எல்லோருக்கும் நல்லது" போன்ற பேச்சு வந்தால் சுற்றி வளைக்காதீர்கள். "தற்கொலை எண்ணம் வருகிறதா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறீர்களா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. திட்டம் இருக்கிறது என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், கையில் கிடைக்கக்கூடிய ஆபத்தான பொருளை அகற்றச் செய்யுங்கள், இருவர் கூடவே மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் நாட்டின் உதவி எண் விதித் தாளிலேயே இருக்கட்டும். குடி அடிமைத்தனம், பழைய கொடுமைகளின் நினைவு உடம்பையே உலுக்குவது, இவற்றுக்குச் சிகிச்சை வேண்டும். வட்டம் கூடவே நடக்கலாம். வீட்டில் கை நீட்டுபவரின் பேச்சுக்கு வட்டம் ஒருபோதும் மறைவிடமாகக் கூடாது.

மாறுவானா என்று கேட்டீர்கள். 7 பேர் முன்னால் அழகாகப் பேசக் கற்றுக்கொண்டு, வீட்டில் பழையபடி வாய்மூடி இருப்பவர்களும் உண்டு. வட்டம் ஒரு பழகுமிடம். பழகியதை வெளியே கொண்டுபோனால்தான் பலன். அதற்கு ஒரு சின்னப் பழக்கம் வையுங்கள்: கூட்டம் முடிந்து 48 மணி நேரத்துக்குள், தனக்கு நெருக்கமான ஒருவரிடம் ஒரே ஒரு 'ஆக இருக்கிறது' வாக்கியம். "இந்த மாசம் பணத்தை நினைச்சா பயமா இருக்கு." மொத்தத்தையும் ஒரே இரவில் வீட்டார் மேல் இறக்கிவிடக் கூடாது, "இப்போ பேசலாமா?" என்று கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். மாற்றத்தை அளக்கப் பெரிய அளவுகோல் தேவையில்லை. சண்டைக்கும் மன்னிப்புக்கும் இடையில் முன்பு எத்தனை நாள், இப்போது எத்தனை நாள்? மருத்துவரிடம் போக வேண்டும் என்று தெரிந்ததற்கும் போனதற்கும் இடையில்? உதவி என்று கடைசியாக யாரிடம் வாய்விட்டுக் கேட்டீர்கள்? இந்த மூன்றையும் இப்போதே தேதியோடு குறித்து வைத்து, எட்டாம் கூட்டத்தில் எடுத்துப் பாருங்கள்.

வரத் தயங்கும் நண்பரை 6 பேரும் தனித்தனியாக அழைக்க வேண்டாம். ஒருவர் மட்டும் அழைத்து, "அன்றைக்கு நாங்கள் கேட்காமல் யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டோம், அது எங்கள் தவறு. இனி இப்படி நடத்தப் போகிறோம்" என்று விதிகளைச் சொல்லட்டும். "கட்டாயம் வாங்க" என்று வற்புறுத்தாமல் இடமும் நேரமும் மட்டும் சொல்லி வைத்துவிடலாம். அவர் வந்தாலும் அன்று அவருடைய மணவாழ்க்கைப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. மூன்றாம் கூட்டத்தை முதல் கூட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள்: விதிகளை ஆளுக்கு ஒரு வரியாக எல்லோரும் வாசியுங்கள், முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் மட்டும் நடத்துங்கள், நடுவில் ஒரே ஒருவருக்கு 20 நிமிடம். அந்த முதல் முறையை, யோசனை சொல்வதில் அன்று முந்திக்கொண்டவர் எடுத்துக்கொள்ளட்டும்.